பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்த பிறகு கணினி பூட் ஆகவில்லையா?

டிஸ்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதி, அதாவது பார்ட்டிஷன், எதற்கும் உதவாமல் கிடக்கிறதே என்று அதை ஃபார்மேட் செய்கிறோம். அல்லது விண்டோஸுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பழைய லினக்ஸ் இயங்குதளம் இனி வேண்டாம் என்று அதன் இடத்தை அழித்துக் காலியாக்குகிறோம். விண்டோஸ் இருக்கும் சி டிரைவைத் தொடக்கூட இல்லை. ஆனால் மறுமுறை கணினியை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒற்றை ஆங்கில வரி வந்து நிற்கிறது. அதைத் தாண்டி எதுவும் நகரவில்லை.

இந்த இடத்தில் பலரும் பதறிப்போய் விண்டோஸை மறுபடி நிறுவிவிடுகிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். சி டிரைவை அழிக்கவில்லை என்றால் விண்டோஸும் அதிலுள்ள கோப்புகளும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. அவற்றிடம் போய்ச் சேரும் வழிதான் நடுவில் அறுந்திருக்கிறது. எங்கே அறுந்தது என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது சில கட்டளைகளில் முடியும் வேலை. மறுபடி நிறுவப் போய், அந்த அவசரத்தில் தவறான பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, நன்றாக இருந்த கோப்புகளையும் சேர்த்து இழப்பதில்தான் பெரிய சேதம் நடக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது

மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் சிறிய மென்பொருள் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. ஃபர்ம்வேர் என்பார்கள். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது இதுதான். இதற்கு விண்டோஸ் என்றால் என்னவென்று தெரியாது. டிஸ்க்கில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு சிறிய நிரல் இருக்கும், அதை எடுத்து ஓடவிட வேண்டும், அவ்வளவுதான் இதன் பொறுப்பு. அந்த நிரல் அடுத்த நிரலைத் தேடும், அது அதற்கடுத்ததைத் தேடும். இப்படிப் பல கை மாறித்தான் கடைசியில் விண்டோஸ் எழுகிறது.

அந்தக் குறிப்பிட்ட இடம் எது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. பழையது பயாஸ் முறை. இதில் ஃபர்ம்வேர் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அந்தத் துண்டுக்கு எம்பிஆர் என்று பெயர். 1983-ல் வந்த பிசி டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு இது. அந்த 512 பைட்டுக்குள் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வேண்டும், அதனால்தான் நான்குக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் போட முடிவதில்லை. எம்பிஆரில் உள்ள நிரல், அந்த நான்கில் 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்டது எது என்று பார்க்கும். அதன் முதல் செக்டாரை, அதாவது முதல் சிறு துண்டை, ஓடவிடும். அங்கிருந்து பூட்எம்ஜிஆர் என்ற கோப்பு எழும். அது பிசிடி என்ற கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே போகும்.

புதியது யூஇஎஃப்ஐ முறை. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கேட்கும் தகுதிகளோடு நிறுவியிருந்தால் உங்களுடையது இதுதான். இந்த ஃபர்ம்வேருக்குக் கொஞ்சம் கூடுதல் அறிவு உண்டு. ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணையை அதனால் படிக்க முடியும், ஃபேட்32 ஃபார்மேட்டில் உள்ள கோப்புகளையும் திறக்க முடியும். ஆகவே டிஸ்க்கில் ஃபேட்32-ல் ஒரு சிறிய பார்ட்டிஷன் ஒதுக்கப்பட்டு, பூட் செய்யும் கோப்புகள் அதற்குள் வைக்கப்படுகின்றன. இதன் பெயர் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், சுருக்கமாக இஎஸ்பி. விண்டோஸ் போடும் இஎஸ்பி பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற பட்டியலை மதர்போர்டு தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று பூட் மெனுவில் பார்க்கிறீர்களே, அது இந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரிதான்.

இரண்டு முறையிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் சில கைமாற்றங்கள் சி டிரைவுக்கு வெளியே நடக்கலாம், பல கணினிகளில் வெளியேதான் நடக்கின்றன. அதனால்தான் சி டிரைவைத் தொடாமலேயே விண்டோஸை எழவிடாமல் செய்துவிட முடிகிறது.

ஃபார்மேட் எதை அழிக்கிறது

ஒரு பார்ட்டிஷனில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அதிலேயே தனியாக எழுதப்பட்டிருக்கும். 'குயிக் ஃபார்மேட்' செய்வது, புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வெற்றுப் பொருளடக்கம் ஒன்றை ஒட்டுவது போன்றது. உள்ளே உள்ள பக்கங்கள் அப்படியே இருக்கும், அவை இருப்பதாக யாருக்கும் தெரியாது. புதிதாக எதையாவது எழுதும்போது அந்தப் பக்கங்களின்மேல் எழுதப்படும். குயிக் ஃபார்மேட்டை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்தால் கதை வேறு. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு முழு ஃபார்மேட் என்பது பார்ட்டிஷன் முழுவதிலும் சுழியத்தை எழுதிவிடுகிறது, அதன்பின் மீட்க ஒன்றும் இருக்காது. சிப்புகளால் ஆன டிஸ்க்கான எஸ்எஸ்டியில் குயிக் ஃபார்மேட்டும் பெரும்பாலும் இதே முடிவில்தான் விடும். டிரிம் என்ற கட்டளை போய், அந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அது தன் வசதிப்படி அவற்றைத் துடைத்துவிடும்.

கோப்புகள் போவது ஒரு பக்கம். ஃபார்மேட் செய்யும்போது அந்தப் பார்ட்டிஷனின் அடையாள எண்ணும் மாறிவிடுகிறது. லினக்ஸில் இதை யூயூஐடி என்பார்கள். அந்தப் பழைய எண்ணை நம்பி யாராவது எங்காவது குறித்து வைத்திருந்தால் அது இனிப் பொருந்தாது. ஃபார்மேட்டோடு நிற்காமல் பார்ட்டிஷனையே அழித்துவிட்டால் மற்ற பார்ட்டிஷன்களின் வரிசை எண்களும் மாறக்கூடும். இவை ஒவ்வொன்றும் பூட்டை வெவ்வேறு இடத்தில் நிறுத்தும்.

பெரும்பாலும் எது அழிந்திருக்கும்

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், தன் பூட் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்ய அது விடாது. விபத்துகள் நடப்பது வெளியிலிருந்து: விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ், நிறுவாமலேயே லினக்ஸை ஓடவிடும் லைவ் பென் டிரைவில் உள்ள ஜிபார்டெட் என்ற கருவி, தனியாக இறக்கிய பார்ட்டிஷன் மென்பொருள்கள். இவற்றில் 100 எம்பி, 500 எம்பி என்று பெயரோ எழுத்தோ இல்லாத குட்டிப் பார்ட்டிஷன்கள் தெரியும். பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும். விண்டோஸ் 7 பழைய முறையில் போட்ட 'சிஸ்டம் ரிசர்வ்டு' பார்ட்டிஷன் 100 எம்பி. அதில்தான் பூட்எம்ஜிஆரும் பிசிடியும் இருக்கின்றன. அதை ஃபார்மேட் செய்தால் சி டிரைவ் முழுசாக இருந்தும் விண்டோஸ் எழாது.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. இரண்டு டிஸ்க் உள்ள கணினிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, பழைய டிஸ்க்கைக் கழற்றாமலேயே எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவினார்கள். நிறுவும் மென்பொருள், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஓர் இஎஸ்பி இருப்பதைப் பார்த்து, பூட் கோப்புகளைப் பேசாமல் அதிலேயே போட்டுவிடும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் மட்டும் இருக்கும். எல்லாம் நன்றாக ஓடும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பழைய டிஸ்க்கைத் துப்புரவாக ஃபார்மேட் செய்வார்கள், அல்லது கழற்றி வேறு கணினியில் மாட்டுவார்கள். அன்றோடு புத்தம்புதிய எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் எழாமல் போகும். எஸ்எஸ்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றக் கொடுப்பவர்களும் உண்டு. எஸ்எஸ்டியில் ஒரு குறையும் இருக்காது.

மூன்றாவது, விண்டோஸுக்குள் இருந்துகொண்டு லினக்ஸ் பார்ட்டிஷனை அழிப்பது. விண்டோஸ் இதைத் தடுக்காது, அதன் கண்ணுக்கு அது யாருடையதோ ஓர் இடம். ஆனால் இரட்டை பூட் உள்ள கணினியில் விண்டோஸை எழுப்பி விடுவதே லினக்ஸின் கிரப் என்ற நிரல்தான். கிரப்பின் பெரும்பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. அதை அழித்ததும் கிரப் பாதி வழியில் நிற்கும், விண்டோஸ் தன் முறை வருமென்று காத்துக்கொண்டே இருக்கும்.

திரையில் வரும் வரி

அந்த வரியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரே அதில்தான் இருக்கிறது.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ, பூட் டிஸ்க்கைப் போட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்றோ வந்தால், ஃபர்ம்வேருக்கு முதல் நிரலே கிடைக்கவில்லை. இஎஸ்பி அழிந்திருக்கலாம், ஆக்டிவ் குறி போயிருக்கலாம். 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்றால் எம்பிஆர் வேலை செய்கிறது, ஆக்டிவ் பார்ட்டிஷனும் கிடைத்தது, அதற்குள் கோப்பு இல்லை. நீலத் திரையில் 'ரிக்கவரி' என்ற தலைப்போடு பிசிடி என்ற மூன்றெழுத்தும் ஒரு பிழை எண்ணும் வந்தால், பூட் மேனேஜர் வரை வந்தாகிவிட்டது, முகவரிக் குறிப்புதான் தவறு. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து கர்சர் துடித்தால், மேலே சொன்ன லினக்ஸ் கதை. இவற்றைத் தாண்டி விண்டோஸ் சின்னம் தெரிந்து, புள்ளிகள் சுற்றத் தொடங்கி, அப்புறம் நின்றால், பூட் வழி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. அது வேறு பிரச்சினை, இந்தக் கட்டுரையில் உள்ள கட்டளைகள் அதற்கு உதவாது.

கட்டளைகளைத் தொடும் முன்

முதலில் ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குப் போங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான கணினிகளில் அது வரும். உங்கள் டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் ஃபார்மேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கேபிளையோ டிஸ்க்கையோ பாருங்கள். தெரிகிறது என்றால் பூட் வரிசையைப் பாருங்கள். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரி பட்டியலில் இருந்து, அதற்கு மேலே வேறு ஏதோ முதலிடத்தில் இருந்தால், இதை மேலே ஏற்றிச் சேமித்துவிட்டுப் பாருங்கள். எத்தனையோ கணினிகள் இதோடு எழுந்துவிடுகின்றன.

அடுத்தது முக்கியம். ஃபார்மேட் செய்த பார்ட்டிஷனில் உங்களுக்கு வேண்டிய படங்களோ ஆவணங்களோ இருந்தனவா? இருந்தன என்றால் பூட் பிரச்சினையை ஒத்தி வையுங்கள். அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுத வேண்டாம். லைவ் பென் டிரைவில் கணினியை எழுப்பி, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடுங்கள். அழிந்த பார்ட்டிஷன் அட்டவணையை அது டிஸ்க்கைத் துழாவிக் கண்டுபிடிக்கும். அதனுடனே வரும் ஃபோட்டோரெக், பொருளடக்கம் இல்லாமலேயே கோப்புகளை அவற்றின் வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு எடுக்கும். எடுப்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். அதே டிஸ்க்கில் சேமித்தால் மீட்கப் போன கோப்பின்மேலேயே எழுதிவிடுவீர்கள். சி டிரைவில் உள்ள முக்கியமானவற்றையும் இந்த லைவ் பென் டிரைவ் வழியாகவே வெளியே நகல் எடுத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் எழாவிட்டாலும் லினக்ஸ் அந்தக் கோப்புகளைப் படிக்கும்.

பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கப் பூட்டு போட்ட கணினி என்றால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். பலருக்குத் தங்கள் கணினியில் பிட்லாக்கர் இருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கும்போது சில மடிக்கணினிகளில் அது தானாகவே செயல்பட்டுவிடுகிறது. அப்படியானால் குறியீடு அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறு ஒரு கருவியில் அந்தக் கணக்கைத் திறந்து எடுத்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

யூஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸை எழுப்புவது

வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியை எழுதிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதை மாட்டி, பூட் மெனுவைத் திறந்தால் சில கணினிகளில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவைப் பழைய முறையில் எழுப்பிவிட்டுப் புதிய முறை விண்டோஸைப் பழுதுபார்க்கப் போனால் வீண் குழப்பம்தான் மிஞ்சும்.

நிறுவும் திரை வந்ததும் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதற்குள் போய், டிரபிள்ஷூட் பகுதியில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஒருமுறை ஓட விடுங்கள். பிசிடி மட்டும் கெட்டிருந்தால் அதுவே சரிசெய்யும். முடியவில்லை என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை, கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட் திரைக்குப் போங்கள். இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை அங்கே ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

டிஸ்க்பார்ட் என்று தட்டி என்டர். பிறகு லிஸ்ட் டிஸ்க். டிஸ்க்குகளின் பட்டியல் வரும். வலது ஓரத்தில் ஜிபிடி என்ற பத்தியின் கீழே நட்சத்திரக் குறி இருந்தால் அது யூஇஎஃப்ஐ முறை டிஸ்க். இந்த ஒரு குறியைப் பார்த்தபின்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். அடுத்து லிஸ்ட் வால்யூம். இங்கே நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண், எழுத்து, பெயர், ஃபார்மேட், அளவு இருக்கும். ஃபேட்32 என்றும் 100 எம்பி போன்ற சிறிய அளவும் கடைசியில் 'ஹிடன்' என்றும் ஒரு வரி தெரிந்தால் அதுதான் இஎஸ்பி. நூறு ஜிபிக்கு மேலான என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பயன்படுத்தும் ஃபார்மேட்) வரி விண்டோஸாக இருக்கலாம். அதன் எழுத்து சி என்றுதான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழுதுபார்க்கும் சூழலில் எழுத்துகள் புதிதாகப் பங்கிடப்படும், உங்கள் சி இங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். பென் டிரைவும் ஃபேட்32-ல்தான் இருக்கும், அளவைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

இஎஸ்பியின் எண் 3 என்று வைத்துக்கொள்வோம். செலக்ட் வால்யூம் 3. அடுத்து அசைன் லெட்டர்=எஸ். பிறகு எக்ஸிட் கொடுத்து டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வாருங்கள். இப்போது டிஐஆர் சி:\ என்று தட்டுங்கள். விண்டோஸ், யூசர்ஸ், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர்கள் தெரிந்தால் சரியான இடம். இல்லையென்றால் டி, இ என்று பார்த்துக்கொண்டே போங்கள். அந்த ஃபோல்டர்களைப் பார்க்கும்போது வரும் நிம்மதிக்காகவாவது இதைச் செய்ய வேண்டும், கோப்புகள் இருக்கின்றன என்பதற்கு இதுவே கண்கூடான சான்று. பிறகு ஒரே ஒரு கட்டளை:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

இதன் பொருள் எளிது. சி-யில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரிலேயே பூட் கோப்புகளின் நகல் ஒன்று எப்போதும் இருக்கிறது. அங்கிருந்து எடுத்து எஸ் என்று பெயரிட்ட இஎஸ்பியில் போடு, புதிய பிசிடியும் எழுது. கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்ற வரி வந்தால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

லிஸ்ட் வால்யூமில் இஎஸ்பியே இல்லை என்றால்? இரண்டு டிஸ்க் கதையில் மாட்டியவர்களுக்கு இதுதான் நிலைமை. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் புதிதாக ஒன்று உண்டாக்க வேண்டும். டிஸ்க்பார்ட்டுக்குள் விண்டோஸ் வால்யூமைத் தேர்ந்தெடுத்து ஷ்ரிங்க் டிசயர்டு=500 என்று கொடுத்தால் அதன் வாலில் 500 எம்பி காலி இடம் கிடைக்கும், கோப்புகளுக்குப் பாதிப்பில்லை. அடுத்து கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260. பிறகு ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32. பிறகு முன்போலவே அசைன் லெட்டர்=எஸ், எக்ஸிட், பிசிடிபூட். 100 எம்பியே போதும் என்றாலும் 260 வைப்பது என் பழக்கம். செக்டார் அளவு 4096 பைட்டாக உள்ள டிஸ்க்குகளில் ஃபேட்32-க்கு 100 எம்பி பற்றாது. ஃபார்மேட் கட்டளையை அடிக்கும் முன் லிஸ்ட் பார்ட்டிஷன் கொடுத்து, நட்சத்திரம் புதிய 260 எம்பி வரியின்மேல் நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இணையத்தில் தேடினால் எல்லாப் பூட் கோளாறுக்கும் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற கட்டளையையே மருந்தாகச் சொல்வார்கள். யூஇஎஃப்ஐ கணினியில் ஃபர்ம்வேர் எம்பிஆரில் உள்ள நிரலை ஓட்டுவதே இல்லை. அங்கே அந்தக் கட்டளை 'வெற்றி' என்று சொல்லும், ஒன்றும் மாறாது.

பழைய முறை டிஸ்க்கில்

ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இல்லை என்றால், அந்த ஃபிக்ஸ்எம்பிஆருக்கு இங்கேதான் வேலை. ஆனால் அது முதல் 446 பைட் நிரலை மட்டும்தான் புதுப்பிக்கும். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது, தொலைந்த பூட்எம்ஜிஆரையும் கொண்டுவராது. சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் போய்விட்டது என்றால் அதை மறுபடி உண்டாக்கவே தேவையில்லை. சி பிரைமரி பார்ட்டிஷனாக இருந்தால் பூட் கோப்புகளைச் சி-யிலேயே வைத்துவிடலாம். டிஸ்க்பார்ட்டில் அந்த டிஸ்க்கையும், விண்டோஸ் உள்ள பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுத்து ஆக்டிவ் என்று தட்டுங்கள். வெளியே வந்து பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ். பிறகு பூட்செக்ட் /என்டி60 சி: கொடுத்தால் அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டாரும் சரியாகும். கடைசியாகப் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர். இந்த வரிசையில் செய்தால் முதல் கைமாற்றத்திலிருந்து கடைசி வரை எல்லாமே புதிதாக எழுதப்பட்டுவிடும்.

லினக்ஸை அழித்தவர்களும் லினக்ஸே வேண்டியவர்களும்

விண்டோஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு வேலை குறைவு. பழைய முறை டிஸ்க்கில் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் ஒன்றே போதும், எம்பிஆரில் இருந்த கிரப்பின் நிரல் போய் விண்டோஸின் நிரல் வரும். யூஇஎஃப்ஐ கணினியில் பழுதே பார்க்க வேண்டாம். விண்டோஸின் பூட் கோப்புகள் இஎஸ்பியில் அவற்றின் ஃபோல்டரில் அப்படியே இருக்கும், ஃபர்ம்வேர் திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றினால் போதும். இஎஸ்பிக்குள் உபுண்டு என்ற ஃபோல்டர் மிச்சமிருக்கும், சில எம்பி இடம் பிடிக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. அதை அழிக்கிறேன் என்று இஎஸ்பியையே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

லினக்ஸும் வேண்டும், வேறு ஏதோ பார்ட்டிஷனை அழித்ததும் கிரப் ரெஸ்க்யூ வந்துவிட்டது என்றால், எண் மாறிய கதையாக இருக்கும். பழைய முறை டிஸ்க்கில் நான்குக்கு மேல் தேவைப்பட்டால் ஒரு பிரைமரி இடத்துக்குள் போடுபவை லாஜிக்கல் பார்ட்டிஷன்கள், அவற்றின் எண் 5-லிருந்து தொடங்கும். நடுவில் ஒன்றை அழித்தால் பின்னால் உள்ளவை ஒவ்வொன்றும் ஓர் எண் முன்னால் வரும். லினக்ஸ் 6-ல் இருந்தது, 5-ஐ அழித்தீர்கள், இப்போது லினக்ஸ் 5. கிரப்போ இன்னமும் 6-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கர்சரில் எல்எஸ் என்று தட்டினால் பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வரும். எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப் என்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். கோப்புப் பெயர்கள் பதிலாக வருவதுதான் உங்கள் லினக்ஸ். பிறகு செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப், செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5), இன்ஸ்மாட் நார்மல், நார்மல் என்று நான்கு வரிகள். வழக்கமான மெனு வந்து நிற்கும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். லினக்ஸுக்குள் போனதும் டெர்மினலைத் திறந்து, நிர்வாக உரிமை தரும் சூடோவுடன் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை முழு டிஸ்க்கின் பெயரோடு கொடுத்து, அப்டேட்-கிரப்பும் ஓட்டினால் புதிய எண் நிலையாகப் பதிந்துவிடும். பார்ட்டிஷனின் பெயரைக் கொடுக்காமல் டிஸ்க்கின் பெயரைக் கொடுப்பதில் கவனம் வேண்டும்.

லினக்ஸில் கடைசியாக இன்னொரு வகை உண்டு. கிரப் சரியாக வருகிறது, லினக்ஸும் எழத் தொடங்குகிறது, நடுவில் ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருப்பதாக ஒரு வரி ஓடி, பிறகு 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றுவிடுகிறது. நீங்கள் ஃபார்மேட் செய்தது வெறும் டேட்டா பார்ட்டிஷன்தான். ஆனால் /இடிசி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் அதன் பழைய யூயூஐடி எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணுள்ள பார்ட்டிஷன் வருமென்று லினக்ஸ் 90 விநாடி காத்திருந்து பார்த்துக் கைவிடுகிறது. கேட்கும் இடத்தில் ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போங்கள். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காதவர்கள் லைவ் பென் டிரைவிலிருந்து அந்தக் கோப்பைத் திறக்கலாம். பிஎல்கேஐடி என்ற கட்டளை ஒவ்வொரு பார்ட்டிஷனின் இப்போதைய யூயூஐடியையும் காட்டும். எஃப்எஸ்டேப்பில் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். ஃபார்மேட் வகையும் மாறியிருந்தால், எடுத்துக்காட்டாக என்டிஎஃப்எஸ் இருந்த இடத்தில் இப்போது லினக்ஸின் எக்ஸ்ட்4 என்றால், அதே வரியில் அதையும் மாற்ற வேண்டும். டேட்டா பார்ட்டிஷன்களின் வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்து வைத்தால், இனி அந்தப் பார்ட்டிஷன் இல்லாமல் போனாலும் அதற்காக லினக்ஸ் எழாமல் நிற்காது.